மூன்று ஞாபகமூட்டல் கடிதங்கள்

பொதுமக்களில் ஒருவர் அரச அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்துக்குப் பதில் அனுப்பப்பட வேண்டும். முழுப் பதில் உடனே தர இயலாவிட்டால், கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படுகிறது என்று ஒரு வரியாவது இடைக்காலப் பதிலாகப் போக வேண்டும். கடிதம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே பதிலும் போக வேண்டும். கண்டியில் ஓர் அலுவலகத்தில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இந்த விதியைத்தான் சொல்லிக்கொடுப்பேன். நன்றாகத் தலையாட்டுவார்கள். பிறகு வந்த கடிதங்களைக் கட்டாகக் கட்டி மேசைக்குக் கீழே வைத்து, அதன் மேல் காலை நீட்டிக்கொள்வார்கள்.

நான் எழுதிய கடிதம் என் மகனைப் பற்றியது. வயது முப்பத்தொன்று. பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருந்தவன், குடு என்று இங்கே எல்லோரும் சொல்லும் ஹெரோயினுக்கு அடிமையாகி வேலையைத் தொலைத்திருந்தான். வீட்டில் அதைக் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான். மஹய்யாவையில் எங்கள் வீதி முனையில் நிற்கும் த்ரீவீல்காரர்களுக்கு ஒரு வருடம் முன்பே தெரியுமாம். எனக்கு யாரும் எழுத்தில் அறிவிக்கவில்லை.

முதலில் மிக்ஸி போனது. பிறகு மனைவியின் தையல் மெஷின். கடைசியாக, ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரம். அதன் அடியில் என் பெயரும் சேவைக் காலமும் பொறித்த ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதை மட்டும் ஆணி கழற்றி, மேசையில் ஒரு காகிதத்தின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். இந்த மரியாதையை எங்கே கற்றான் என்று தெரியவில்லை. என்னிடமாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை அவனே வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"அப்பா, என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுருங்க. என்னால தனியா முடியல."

கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். டொக்டர் அவனைப் பரிசோதித்துவிட்டு, அவனை வெளியே உட்காரவைத்து என்னிடம் சொன்னார். "இந்த மனசு ரொம்ப நாளைக்கு நிக்காது ஐயா. நிக்கிறப்பவே உள்ள அனுப்பிருங்க." உள்ளே என்றால் அரசாங்கம் நடத்தும் ஒரு புனர்வாழ்வு நிலையம். கண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். தானாக விரும்பி வருபவர்களை மூன்று மாதம் வைத்திருந்து அனுப்புவார்கள்.

நான் அன்று பிற்பகலே ஒரு கோவையைத் திறந்தேன். மேலட்டையில் பொருள் எழுதி, உள்ளே குறிப்புத்தாள் வைத்து, பக்க எண் போட்டேன். விண்ணப்பப் படிவத்தை இரண்டு பிரதிகளில் நிரப்பினேன். மருத்துவ அறிக்கை இணைப்பு ஒன்று, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் இணைப்பு இரண்டு, பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி இணைப்பு மூன்று. மேலே தமிழில் ஒரு கடிதம். புத்தாண்டு விடுமுறை முடிந்து அலுவலகங்கள் சோம்பல் முறிக்கும் அந்த ஏப்ரல் வாரத்தில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதைவிட ஒழுங்கான விண்ணப்பம் அந்த நிலையத்துக்கு அதற்கு முன் போயிருக்காது என்று மனைவியிடம் சொன்னேன்.

"அதுக்கு அவனை நேரா கூட்டிட்டுப் போனா என்ன?" என்றாள்.

"போய்க் கேக்கிறதுக்கு அது என்ன மரக்கறிக் கடையா?"

முப்பத்தாறு வருடம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் நான். கடிதம் எழுதத் தெரியாமல், தெரிந்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நேரே வந்து கவுண்டரில் முழங்கையை ஊன்றுபவர்களை எனக்கு அடியோடு பிடிக்காது. எல்லோரையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுதிக் கொடுங்கள், பதில் வரும் என்று. நான் அப்படிப் போய் நிற்பேனா?

இரண்டு வாரம் கழித்து முதல் ஞாபகமூட்டல். அதற்கு அடுத்த வாரம் இரண்டாவது. ஒவ்வொன்றிலும் முந்திய கடிதத்தின் திகதியை முறைப்படி குறிப்பிட்டேன். ஒரு தடவை தொலைபேசியில் கேட்டேன். மகத்தயா, அதாவது பெரிய ஐயா, கூட்டத்தில் இருக்கிறார் என்றது ஒரு குரல். எந்த மகத்தயா என்றேன். அதுவும் கூட்டம் முடிந்த பிறகுதான் தெரியும் போலிருந்தது.

இதற்குள் விஷயம் உறவுக்குள் பரவிவிட்டது. தங்கையின் கணவர், நகரசபையில் இருந்து ஓய்வு பெற்றவர், பிஸ்கட் பக்கெட்டோடு வந்தார். "மச்சான், ஒரு நல்ல பொண்ணாப் பாத்து முடிச்சுவைங்க. எல்லாம் சரியாகும்." ஒரு பெண்ணின் வாழ்க்கையை மருந்துத் துண்டில் எழுதிக் கொடுக்க இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. இன்னொருவர் கோயிலில் கட்டிய கயிறு கொண்டுவந்தார். மகன் அதைக் கட்டிக்கொண்டான். மூன்றாமவர் ஒரு தனியார் இடத்தைச் சொன்னார். அங்கே போட்டு அடித்தே திருத்திவிடுவார்களாம். அவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அடுத்தவன் பிள்ளைக்கு அடி சிபாரிசு செய்வது அவருக்கு எளிது.

மகன் அறைக்குள் கிடந்தான். உடம்பு முறுக்கும், வாந்தி வரும், வியர்வையில் பாய் நனையும். மனைவி மணிக்கொரு தரம் கஞ்சி கொண்டுபோவாள். நான் பகல் முழுக்க வாசலில் கதிரையைப் போட்டு, மடியில் கோவையோடு உட்கார்ந்திருந்தேன், அவன் வெளியே போய்விடாதபடி. கொஞ்சம் தெளிந்திருக்கும் நேரத்தில் அவன் என்னைச் சீண்டுவான்.

"அப்பா, என்னோட ஃபைல் இப்ப எந்த மேசையில இருக்கு?"

"நடவடிக்கையில் இருக்கு."

"நானும் நடவடிக்கையிலதான் இருக்கேன். யாரு முதல்ல முடியிறோம்னு பாப்போம்."

ஐந்தாவது வாரம் முடிவெட்டப் போகிறேன் என்று கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறினான். வெளியே விடாதீர்கள் என்று மனைவி சொன்னாள். முகம் தெளிவாக இருந்தது, நான்தான் போகச் சொன்னேன். மறுநாள் மத்தியானம் வந்தான், முடி வெட்டாமல். கண்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மனைவி அழவில்லை. நான் அலுமாரியைத் திறந்து, தாள் எடுத்து, மூன்றாவது ஞாபகமூட்டலை எழுத உட்கார்ந்தேன்.

அவள் வந்து பேனாவைப் பிடுங்கினாள். திருமணமாகி இத்தனை வருடத்தில் என் கையிலிருந்து பேனாவை யாரும் பிடுங்கியதில்லை.

"இந்தக் கடுதாசியை அனுப்புங்க, அவன் செத்த பொறகு பதில் வரும். அதையும் ஃபைல் பண்ணுங்க."

பேனாவைத் திரும்ப வாங்கிக் கடிதத்தை முடித்தேன். அதை மறுநாள் அனுப்பவும் செய்தேன். ஆனால் அனுப்பிய கையோடு மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம். மகன் ஜன்னல் பக்கம், மனைவி நடுவில், அவன் இறங்கி ஓடாமல் பார்த்துக்கொள்ள நான் இந்தப் பக்கம்.

நிலையத்தின் கவுண்டரில் ஒரு இளம் பெண் இருந்தாள். என் மகன் வயது இருக்கும். தமிழ் நன்றாகப் பேசினாள். என் பெயரைச் சொன்னதும் சிரித்தாள். "ஓ, அந்த இணைப்பு ஒன்று, இணைப்பு ரெண்டு ஐயாவா?" பின்னால் இருந்த கடிதக் கட்டு ஒன்றிலிருந்து என் விண்ணப்பத்தை உருவினாள். மேலே ஒரு சின்னத் துண்டு குத்தியிருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன் வைத்தாள்.

"ஐயா, இங்க தங்க வரப்போறது நீங்களா?"

விண்ணப்பதாரரின் கையொப்பம் என்ற இடத்தில் என் கையொப்பம் இருந்தது. நீல மையில், அடியில் கோடு போட்டு, திகதியோடு. நான் விருப்பத்தின் பேரில் போதைப்பழக்கத்திலிருந்து விடுபட இந்நிலையத்தில் சேர இணங்குகிறேன் என்று மேலே அச்சிட்டிருந்தது. கையொப்பம் இல்லை, தவறான ஆளின் கையொப்பம் என்று ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவன் நான்.

பள்ளிக்கூட விண்ணப்பம், அடையாள அட்டை, அந்தத் தொழிற்சாலை வேலை வரை அவனுக்கு எல்லாப் படிவங்களையும் நானே நிரப்பினேன். இது அவன் படிவம் என்று நினைக்கவே தோன்றவில்லை.

இருந்தாலும் ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கையொப்பம் பிழை என்று ஒரு வரி.

"எழுதச் சொல்லித் துண்டு குத்தியிருக்கு ஐயா. தமிழ்ல டைப் பண்றவர் லீவு."

"எத்தனை நாளா?"

"அவர் வந்தாத்தான் தெரியும்."

அவள் புதிய படிவம் ஒன்றை எடுத்தாள். என் கை தானாக நீண்டது. அவள் அதை என்னைத் தாண்டி மகனிடம் கொடுத்தாள். அவனே நிரப்பினான். எழுத்து கோட்டை விட்டுக் கீழே போனது. பிறந்த திகதியை ஒரு தடவை வெட்டி எழுதினான். எந்த அலுவலகத்திலும் நான் அதை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன். "எங்க போடணும்?" என்று அவளிடம்தான் கேட்டான்.

பதினொரு நாள் கழித்து இடம் கிடைத்தது. அந்தப் பதினொரு நாளில் இரண்டு தடவை அவன் வாசல் வரை வந்து நின்றான். நான் கதிரையை நகர்த்தி வழிவிட்டேன். அதற்கு மேல் பயந்தது என் வாழ்க்கையில் கிடையாது. இரண்டு தடவையும் அவன் திரும்பி உள்ளே போனான்.

ஜூனில் போனவன் செப்டம்பரில் வந்தான். குணமாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். டொக்டரும் சொல்லவில்லை. கிளினிக்குக்குப் போகிறான், மத்தியானத்தில் தூங்குகிறான், மிக்ஸி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்கிறான். தங்கையின் கணவர் மறுபடி பிஸ்கட்டோடு வந்து பெண் விஷயம் தொடங்கினார். மகனே எழுந்து, "மாமா, முதல்ல நீங்க எழுதிக் குடுங்க, பதில் வரும்" என்றான்.

அவன் வந்த மறுவாரம் தபால்காரர் ஒரு நீண்ட உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். என் ஏப்ரல் கடிதத்துக்கும் மூன்று ஞாபகமூட்டல்களுக்கும் சேர்த்து ஒரே பதில், சிங்களத்தில், நான்கு வரி. விண்ணப்பதாரரின் கையொப்பம் பிழையாக உள்ளதால் விண்ணப்பம் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. மகன் அதை வாங்கி, எனக்குத் தமிழில் வாசித்துக்காட்டி, மனைவிக்கு இன்னொரு தடவை வாசித்தான். இருவரும் சிரித்தார்கள். நான் கோவையை எடுத்துவந்து, பதிலைக் கடைசிப் பக்கமாகச் சேர்த்து, எண் போட்டு, வலது மூலையில் கிடைத்த திகதியை எழுதினேன்: செப்டம்பர் 24.