சிக்கில்லாத சீரியல் லைட்

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கும். எங்கள் வீடு மட்டும் கடைசி. எல்லாம் அக்காவால்தான். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் சீரியல் லைட்டைக் கழற்றுவது அவள் பொறுப்பு. ஒழுங்காகச் சுற்றி வைக்க மாட்டாள். சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், விடுடி" என்பாள்.

அடுத்த வருஷம் பையைக் கவிழ்த்தால் குருவிக்கூடு மாதிரி ஓர் உருண்டை விழும். ஹால் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சிக்கெடுப்போம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பிடித்து இழுப்பேன். "இழுக்காதடி, பல்பு போயிடும்" என்று கையில் ஓர் அடி வைப்பாள். தனக்குப் பிடித்தவன் யாரென்று அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் என்னிடம் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை ஒயரைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடலாம்.

போன ஜனவரியில் அவனையே கட்டிக்கொண்டு அயர்லாந்துக்குப் போனாள். பண்டிகைக்கு வந்துவிடுவாள் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். போனில், "லீவு கெடைக்கலடி. இந்த வருஷம் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றாள். பெங்களூரை விட்டுப் போனவளை அந்தக் கன்னட 'ஸ்வல்ப' மட்டும் விடவில்லை. படக்கென்று போனை வைத்துவிட்டேன்.

தனியாகச் சிக்கெடுக்க வேண்டுமே என்று அவளைத் திட்டிக்கொண்டேதான் பையைக் கவிழ்த்தேன். உருண்டை விழவில்லை. கல்யாணப் புடவை வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, அதில் ஒயரை வரிவரியாகச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள். நான் ஒண்டியாகக் கஷ்டப்படக் கூடாதென்று நினைத்திருக்கிறாள். வர முடியாதென்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் லைட் எரிந்தது. தெருவிலேயே முதலில் எங்கள் வீடு. "பரவால்லையே, இந்த வருஷம் வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சு" என்றாள் அம்மா. நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திருநாள் முடிந்ததும் லைட்டை நானே கழற்றினேன். அட்டையை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒயரைக் கன்னாபின்னாவென்று சுருட்டி, போதாதென்று இரண்டு முடிச்சும் போட்டு, படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "நீ தொடாத. இழுத்துடுவ. அப்படியே வை."

வருகிறேன் என்று எழுதவில்லை. ஆனாலும் அப்படியே வைத்திருக்கிறேன்.