கீரைக்காரிக்கு வேர்த்தது

எழுதத் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவள் நான். நாலு பேர் நடுவில் என் பெயரைக் கேட்டால்கூடச் சட்டென்று சொல்ல வராது. இருந்தாலும், ஒரு தெய்வத்தையே உண்டாக்கியவள் என்ற முறையில் சில வரிகள் எழுத எனக்கும் இடமுண்டு என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் காளவாசல் பக்கம் குடியிருந்தோம். அடுத்த வீட்டில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் சௌராஷ்டிரக் குடும்பம். சாயம் பிசகிய துண்டுகளை எனக்குத் தருவார்கள். அவற்றைப் பலகையில் ஒட்டி உருவமாக்குவேன். சிம்மக்கல் நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகும் குங்கிலியமும் வாங்கி, சேர்த்து உருக்கி, காவிப் பொடி கலந்து, துணிமேல் சூட்டோடு பூசுவேன். மெழுகு நூலுக்குள் இறங்க, இஸ்திரிப் பெட்டியை மேலாகக் காட்டுவேன். குங்கிலியம் சேர்ந்தால்தான் மெழுகு இறுகும். மதுரை வெயில் யாரையும் விட்டுவைக்காது.

என் வீட்டுக்காரர் கலையை மதிக்கத் தெரிந்தவர். "கரண்டு போனா ஒரு திரியைச் சொருகிக் கொளுத்திக்கலாம்" என்பார்.

எங்கள் தெருக் கீரைக்காரியை அப்படி ஒரு படமாகச் செய்தேன். வட்ட முகம், பெரிய மூக்குத்தி, சிவப்புச் சுங்குடி, கையில் கீரைக்கட்டு. மாதர் சங்கக் கண்காட்சியில் தேர்வாகும் ஒரு கைவேலை மெட்ராசுக்குப் போகும் என்றார்கள். எனக்கு ஆசை வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் என் படத்தின் முன் நின்று பார்க்க வேண்டும். அப்போது நான் அங்கே இருக்கக் கூடாது. கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

கண்காட்சியன்று எல்லாம் தயார். குத்துவிளக்குக்குப் பின்னால் வைக்கச் சாமி படம் மட்டும் இல்லை. சங்கச் செயலாளர் அம்மாள் சுற்றிலும் பார்த்தார்.

"இந்தா இருக்குல்ல அம்மன்! எடுத்து வைங்கடி."

"கையில என்னக்கா கீரை?"

"காய்கறி அலங்காரத்துல இருக்கா."

அது கீரைக்காரி என்று நான் தெளிவாகச் சொன்னேன், மனதுக்குள்.

ஐந்து முகமும் ஏற்றினார்கள். தேர்வு செய்ய வேண்டிய சிறப்பு விருந்தினர் வழக்கம்போல் நேரத்துக்கு வரவில்லை. கீரைக்காரியின் நெற்றி மினுங்கியது. பிறகு ஒரு சொட்டு இறங்கியது.

"ஆத்தி! அம்மனுக்கு வேர்க்குது!"

"சாம்பிராணி வாசம் வருது பாருங்க. யாருமே போடல!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. என் மெட்ராஸ் கண்முன்னே உருகிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த தைரியத்தை எல்லாம் எடுத்து வாயைத் திறந்தேன்.

"அக்கா, அது மெழுகுக்கா. வாசம் குங்கிலியம். விளக்கைத் தள்ளி வைங்க."

"சாமி குத்தம் ஆயிரும், வாயை மூடு."

"நாந்தேன்க்கா செஞ்சேன்."

"நீயா செஞ்ச? அவ செய்ய வச்சா!"

வேர்க்கும் அம்மனைக் குளிர்விக்க, சுடச்சுடக் கற்பூரம் காட்டினார்கள். மூக்குத்தி தாடைக்கு வந்தது. ஒரு கண் கீரைக்கட்டில் விழுந்தது. அதற்கும் ஒரு குலவை.

விருந்தினர் வந்தார். ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவராம். என் வேலையின் நுட்பம் அவருக்காவது தெரியும் என்று நம்பினேன். அவர் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, வழிந்த மெழுகைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"இதையும் போட்டியில சேத்துக்கிரவா?" என்று செயலாளர் அம்மாள் கேட்டார்.

"தெய்வத்துக்கு மார்க் போட நாம யாரும்மா?" என்றார் அவர்.

கிளி போட்ட தலையணை உறை ஒன்றைத் தேர்வு செய்தார். கிளி நன்றாகத்தான் இருந்தது. வேர்க்கவில்லை, பாவம்.

மறுநாள் காலை தலையணை உறையை மெட்ராசுக்குப் பார்சல் செய்தார்கள். நான் மத்தியானம் போய்ப் பலகையை வாங்கி வந்தேன்.