ஏகாம்பரம் கண்ணும் இரண்டு நஞ்சுக்கொடியும்

பிள்ளை பிறந்தால் எல்லாரும் பிள்ளையைப் பார்க்க ஓடுவார்கள். நான் நஞ்சுக்கொடியைக் கேட்டு ஓடுவேன். விழுப்புரத்தில் ஒரு திசு வங்கியில் வேலை. நஞ்சுக்கொடியோடு ஒட்டி வரும் பனிக்குடத்தின் மெல்லிய சவ்வை உரித்து, கழுவி, சோதித்து வைத்தால் தீக்காயத்துக்கும் கண் புண்ணுக்கும் போர்த்தலாம், புண் ஆறும். அதற்குப் பிரசவத்துக்கு முன்பே தாயிடம் சம்மதம் வாங்க வேண்டும். இன்சூரன்ஸ், சீட்டு, ஓட்டு என்று வாசல் வாசலாகக் கேட்டு வசவு வாங்கும் அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

தை மாசம் எங்கள் கையிருப்பு சுத்தமாகத் தீர்ந்துபோனது. அந்த நேரம் பார்த்து வந்தார் ஏகாம்பரம், ஓமந்தூர்ப் பக்கத்து விவசாயி. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கண்ணில் சுண்ணாம்பு தெறித்து, புண் ஆறவேயில்லை. சவ்வு வைக்காவிட்டால் அந்தக் கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தோண்டின குழி

திண்டிவனத்தில் ஒரு நர்சிங் ஹோம். மறுநாள் சிசேரியன். பொண்ணுக்குச் சம்மதம், மாமியாருக்கு இல்லை. நஞ்சுக்கொடியை வீட்டுக்குப் பின்னால் புதைப்பது அவர்கள் வழக்கம், குழிகூடத் தோண்டியாகிவிட்டதாம். பிள்ளைக்குத் தொட்டில் வாங்கவில்லை, இதற்குக் குழி ரெடி! சவ்வு மட்டும் போதும், மீதியைக் கொடுத்துவிடுகிறோம் என்று கெஞ்சினேன். அரைகுறையாகப் புதைக்கக் கூடாதாம். வெறும் குழியாகவும் விடக் கூடாதாம். அப்படியென்றால் ஒரு தென்னங்கன்று வையுங்களேன் என்று வாயை விட்டேன். அந்தம்மா கொஞ்சம் யோசித்தார்.

"சரி, கன்னு நீயே வாங்கியாந்து குடு. நெட்டை வாணாம், குட்டையா பாத்து எடுத்துக்கினு வா."

பாலும் பயமும்

அடுத்தவர் திருவாமாத்தூர்க்காரர், மனைவியை விழுப்புரத்தில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார். மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள், அப்போதுதான் பால் சுரக்கும். பொண்டாட்டியினதைத் தூக்கி யாருக்கோ கொடுத்தால் பால் வற்றிவிடாதா என்பது அவர் வழக்கு. வற்றாது என்று நானும் நர்சும் மாறி மாறிச் சொன்னோம். மனுஷன் தலையை ஆட்டுகிறாரே தவிர இறங்கி வரவில்லை. ஏகாம்பரத்தின் கண்ணை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த மனைவி மெல்லத் திரும்பினாள்.

"பால் குடுக்கப்போறது நானு. எனக்கே இல்லாத பயம் இவருக்கு இன்னாத்துக்கு? கையெழுத்து எங்க போடணும், சொல்லுக்கா."

யாரு வூட்டுது?

சோதனைகள் முடிந்து, இரண்டில் ஒன்று ஏகாம்பரத்தின் கண்ணுக்குப் போனது. எது என்று எனக்கே தெரியாது. பாக்கெட்டில் வெறும் எண்தான் இருக்கும். புண் ஆறி, பார்வையும் திரும்பியது. சந்தோஷமாகப் பார்க்கப் போனேன். தன் நிலத்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஒரு பை கொடுத்தார். கொடுத்த கையோடு குரலைத் தாழ்த்தி, சவ்வு கொடுத்தது ஊர்த்தெருவா, காலனியா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், வேண்டுமானால் பழைய புண்ணையே திருப்பித் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேவிட்டேன். ஜன்னல் வழியாக ரோட்டில் போகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேஜாரும்மா. இனிமே எதிர்ல எவன் வந்தாலும் நம்ம சொந்தமா இருக்குமோன்னு பாத்துக்கினு போவணும்."

இந்த ஜில்லாவின் கல்யாணத் தரகர்கள் அத்தனை பேரும் கூடினாலும் சேர்த்துவைக்க மாட்டாத சொந்தங்களை, நான் மாசச் சம்பளத்துக்குச் சேர்த்துவைத்துக்கொண்டிருக்கிறேன்.