கடைசித் தாள் இல்லாத புத்தகம்

பழைய சாமான் வியாபாரத்தில் சரக்கில் என்ன குறை என்பது விற்கிறவனுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவேண்டும். போர்ட் பிளேரில் ஏலத்தில் எடுத்த இரும்பையும் உடைந்த படகுகளின் பலகையையும் விற்றே கடை, வீடு, பேர் எல்லாம் சம்பாதித்தவன் நான். ஆனால் இந்தச் சூட்சுமத்தைக் கடை வைத்த பிறகு கற்றுக்கொள்ளவில்லை. பதினோரு வயதில், படக்கதைப் புத்தகம் சேர்த்துக்கொண்டிருந்தபோதே கற்றுவிட்டேன்.

சின்ன வயதில் படக்கதை சேர்த்தவர்களே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். அம்மா எடைக்குப் போட்டிருப்பாள். கரையான் தின்றிருக்கும். சித்தப்பா மகன் இரவல் வாங்கிப் போனவன் போனவன்தான். என் கதையையும் கேளுங்கள். ஒரே வித்தியாசம், உங்கள் கதையில் திருடன் வேறு யாரோ.

மிளகாய்ப் பொட்டலம்

அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து சாத்தம் துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். டெலானிபூர் மேட்டுக்குக் கீழே தகரக் கொட்டகையில் குடியிருந்தோம். அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லாமே மெட்ராஸ் கப்பலில்தான் வரவேண்டும். அரிசி, வெங்காயம், கடிதம், கடைக்காரர் பொட்டலம் மடிக்கிற பழைய தாள் உட்பட. ஒருநாள் அம்மா மிளகாய்ப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டுத் தாளை அடுப்பில் போடப் போனாள். தாளில் ஒருவன் மலை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே வாயைத் திறந்துகொண்டு ஒரு முதலை. அடுத்த கட்டம் கிழிந்து போயிருந்தது. அது யார் வீட்டுக்குப் பருப்போடு போனதோ.

கண்ணில் மிளகாய்த் தூள் எரிய எரிய காதர் பாய் மளிகைக்கு ஓடினேன். தாள் கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றார். கத்தினேன். என் கோபம் அப்போதே இப்படித்தான். அவர் அசரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து இருநூறு பொட்டலம் மடித்துக் கொடுத்தால் கட்டிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துக்கொள் என்றார். நூறு என்றேன். அவர் இருநூறிலேயே நின்றார். நான் படி இறங்கி நடந்தேன். நாலு கடை தாண்டியதும் நூற்றைம்பது என்று கூப்பிட்டார். இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது அந்தப் படி இறங்குகிற வித்தைதான். திரும்பி வந்தபோது பாய் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"மொளகா வாங்க வந்தியா, என் கடையையே வாங்க வந்தியாடா?"

இரண்டு பக்கத்துக்கு ஒரு சிப்பி

மெட்ராஸில் விற்காமல் தங்கிய புத்தகங்களை அட்டையைக் கிழித்துவிட்டுத்தான் எடைக்குப் போடுவார்களாம். அதனால் எனக்குக் கிடைத்த எதற்கும் அட்டை கிடையாது, பேரும் கிடையாது. நாங்களே வைத்துக்கொண்டோம். முதலைப் புத்தகம். ஒற்றைக்கண்ணன் புத்தகம். குதிரை செத்துப்போகிற புத்தகம்.

'நாங்கள்' என்றால் நானும் நிதாயும். நிதாய் வங்காளக் குடியேறிகள் வீட்டுப் பையன், என் வகுப்பு, கணக்கில் முதல். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ஹிந்தி. தமிழ் எழுத்து அம்மா புண்ணியத்தில் எனக்கு மட்டும் தெரியும். அவன் படத்தைப் பார்ப்பான், யார் என்ன பேசுகிறார்கள் என்று நான் ஹிந்தியில் சொல்வேன். சும்மா இல்லை. இரண்டு பக்கத்துக்கு ஒரு சிப்பி. கார்பின்ஸ் கோவ் பக்கம் தண்ணீர் வற்றும்போது பாறையில் நடந்து சிப்பி பொறுக்குவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தச் சிப்பிகளைக் கப்பல் சமையல்காரர் ஒருவரிடம் கொடுத்து, அடுத்த தடவை எடைக்கடையில் வேறு புத்தகம் வாங்கி வரச் சொல்வேன். நியாயமாகப் பார்த்தால் நான் புத்தகம் சேர்த்த தகரப் பெட்டியில் பாதி அவன் சொத்து. நான் நியாயமாகப் பார்க்கவில்லை. கதாநாயகன் கழுத்துக்குக் கத்தி வரும் இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டுக் கையை நீட்டுவேன். ஒருநாள் அவனுக்குப் பொறுக்கவில்லை:

"ஆகே போல் நா, தோஸ்த்! மேலே சொல்லுடா! இவன் செத்துட்டா என் சிப்பியைத் திருப்பிக் குடுப்பியா?"

கிங் ஷெல்

நிதாயின் அப்பா மரம் வெட்டும் வேலைக்கு லாங் ஐலண்ட் தீவுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதலில் படகுக்காரர்கள் மூலம் சேதி வரும். பிறகு அதுவும் நின்றுவிட்டது. அவன் அதைப் பற்றிப் பேசமாட்டான். தீவுப் படகு வரும் நாளில் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுத் துறையில் போய் நிற்பான்.

அந்தச் சமயம் பார்த்துக் காதர் பாயின் தாள் கட்டிலிருந்து கலங்கரை விளக்குப் புத்தகம் கிடைத்தது. அதில் ஒரு பையனின் அப்பா தூரத் தீவில் விளக்கு ஏற்றும் வேலைக்குப் போகிறார். சேதி இல்லை. பையன் தினமும் துறையில் காத்திருக்கிறான். ஒருநாள் கப்பலில் ஒளிந்துகொண்டு போய்விடலாம் என்று மூட்டை கட்டுகிறான். அதற்குமேல் கடைசித் தாளைக் காணோம். கட்டு முழுக்கத் தேடினேன். நானே பொட்டலமாக மடித்துக் கொடுத்திருப்பேன், வேறென்ன. மிச்சம் இருந்தது ஒரே பக்கம். அதில் படமே இல்லை, வாசகர் கடிதங்கள்.

நிதாய் அன்று சட்டையைக் கழற்றி எதையோ சுற்றிக்கொண்டு வந்திருந்தான். பிரித்தான். கிங் ஷெல் என்கிற பெரிய சங்கு! தேங்காய் அளவு, ஒரு கீறல் கிடையாது. அப்பா வந்தால் காட்டவேண்டும் என்று ஒரு வருஷமாக ஒளித்து வைத்திருந்தது. "முழுசா படிச்சுச் சொல்லு, இதை எடுத்துக்கோ" என்றான். தாள் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் சங்கு திரும்பிப் போய்விடும். யாரோ ஒரு வாசகர், புத்தகத்தின் விலையை ஏற்றிவிட்டீர்களே என்று திட்டி எழுதிய கடிதத்தின்மேல் விரலை வைத்தேன். வரி வரியாக நகர்த்தினேன். பையன் கப்பலில் போய்விட்டான், அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டான், அப்பா கட்டிப் பிடித்து அழுதார் என்று "படித்தேன்". இன்னொரு தரம் என்றான். இரண்டாம் தரம் அப்பாவை இன்னும் கொஞ்சம் அதிகமாக அழவைத்தேன். அவன் அந்தக் கடிதத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"இத்தனூண்டு எழுத்துல எவ்வளவு பெரிய விஷயத்தை எழுதியிருக்காங்க, தோஸ்த்!"

ரேஷன் மூட்டைக்கு நடுவே

மூன்றாம் நாள் நிதாய் வகுப்பில் இல்லை. தீவுப் படகில் ரேஷன் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து போயிருக்கிறான். இரண்டு வாரம் கழித்து ஒரு படகுக்காரர் சேதி கொண்டுவந்தார். பையன் பத்திரமாக லாங் ஐலண்ட் சேர்ந்துவிட்டான். அப்பா அங்கே வேறொரு குடும்பம் வைத்திருக்கிறார். மகனை அவர் அடிக்கவும் இல்லை, கட்டிப் பிடிக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. மரம் அறுக்கும் இடத்தில் கூலிக்குச் சேர்த்துவிட்டார். வகுப்பில் கணக்கு முதல் மார்க் அதன்பிறகு வேறு யாருக்கோ போனது.

அன்று சாயங்காலம் நிதாயின் அம்மா எங்கள் கொட்டகைக்கு வந்தாள். புறப்படுவதற்கு முந்தின நாள் அவன் தங்கச்சியிடம் கலங்கரை விளக்குக் கதையை முழுக்கச் சொல்லியிருக்கிறானாம். அவள் என்னைக் குற்றம் சாட்டவே இல்லை. வாசலில் வந்து நின்றாள், அவ்வளவுதான். அதற்கே நான் எகிறினேன். அவன் ஓடினதுக்கு நான் என்ன பண்ணுவேன், நானா டிக்கெட் எடுத்துக் குடுத்தேன் என்று தெருவே கேட்கக் கத்தினேன். தப்பு என் பக்கம் இருக்கிறபோதுதான் என் குரல் ஜாஸ்தியாக ஏறும், இன்றுவரை. நான் கத்தி முடிக்கும்வரை நின்றவள் மெதுவாகச் சொன்னாள்:

"கத்தாதே பேட்டா. அந்தப் புக்குல நிஜமா என்ன எழுதியிருந்துச்சு, அதை மட்டும் சொல்லு."

குட்வில் எஸ்டேட் பேரம்

நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாதே.

அடுத்த வருஷம் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தா ஒருவர் குட்வில் எஸ்டேட்டில் குடியேறினார். அவர் மகள் வசந்தாவுக்கு என் வயது. அவளிடம் ஒரு ட்ரங்க் நிறையப் படக்கதை, அத்தனையும் அட்டையோடு. அப்படி ஒரு செல்வத்தை நான் பார்த்ததே இல்லை. நாலாவது புத்தகமாகக் கலங்கரை விளக்கு வெளியே வந்தது. புரட்டிப் பார்க்க விடமாட்டேன் என்றாள். வாங்கினால்தான் பிரிக்கலாமாம். எனக்குச் சரியான ஜோடி! பத்துப் புத்தகம் தருகிறேன் என்றேன். மாட்டாளாம். பதினைந்து. மாட்டாளாம். படி இறங்கினேன். கூப்பிடவில்லை. நானே திரும்பி ஏறினேன். என்னிடம் கிங் ஷெல் இருப்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அதைக் கொடுத்தேன்.

அவர்கள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து கடைசித் தாளைத் திருப்பினேன். அந்தப் பையன் போகவே இல்லை. மூட்டையோடு கிளம்பியவன், தூங்குகிற அம்மாவைப் பார்த்துவிட்டு மூட்டையை அவிழ்த்துவிடுகிறான். பக்கம் முழுக்க ஒரே பெரிய படம். மறுநாள் காலை, துறையில் பையனும் அம்மாவும், கப்பலிலிருந்து இறங்கி வரும் அப்பா. எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. வசந்தா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மனசு கேட்காமல் சங்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள்:

"ஒரு சங்குக்குப் போயி இப்படி அழுவாங்களா? இந்தா, நீயே வெச்சுக்கோ, போ."

எடைக்கு

வாங்கிக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் திருப்பிக் கொடுத்த சரக்கை வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். புத்தகத்தை மட்டும் எடுத்துப்போய் அம்மாவின் அரிசிப் பானை மேல் ஓலைப் பெட்டியில் வைத்தேன். மற்றதையெல்லாம் அதன்பிறகு நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு மழைக்காலம் போயிற்று. எங்கள் ஊர் மழையும் உப்புக் காற்றும் உங்களுக்குத் தெரியாது. தகரப் பெட்டியைத் திறந்தால் அறுபதுக்கு மேற்பட்ட புத்தகமும் ஒட்டி ஒரே கல்லாகியிருந்தது. முதலை, ஒற்றைக்கண்ணன், செத்த குதிரை எல்லாரும் ஒருவருக்குள் ஒருவர் போயிருந்தார்கள். தூக்க முடியாமல் தூக்கிக் காதர் பாயிடமே கொண்டுபோனேன். அவர் விரலால் சுரண்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"மொளகா மடிக்கக்கூட ஆகாதேடா இது, கொண்டுபோய்க் கடல்ல போடு."

லாங் ஐலண்ட்

அப்புறம் பதினாறு வருஷம். எழுபதுகளின் கடைசியில், லாங் ஐலண்டில் பழைய மரப்படகு ஒன்று ஏலத்துக்கு வருகிறது என்று போனேன். பையில் துண்டு, சீப்பு, கலங்கரை விளக்குப் புத்தகம். ஏலம் ஒரு சாக்கு என்பது படகு ஏறின பிறகுதான் எனக்கே தெரிந்தது. எல்லாவற்றையும் சொல்லி, சரியான முடிவைப் படித்துக் காட்டிவிட்டு வந்துவிடவேண்டும் என்று இருந்தேன்.

நிதாயைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மரம் அடுக்கும் இடத்தில் கணக்கெழுதுகிற ஆளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எத்தனை கட்டை, எத்தனை அடி என்று வாயாலேயே கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். பேனா பிடித்தவன் வேறொருவன். இடது கையில் இரண்டு விரல் இல்லை. ரம்பம் என்றான். தமிழ்க் கூலிகளோடு இருந்து இருந்து தமிழ் நன்றாகவே பேசினான். தேநீர் வாங்கிக் கொடுத்தான். அப்பா போன வருஷம் தவறிவிட்டார், கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன் என்றான். "அம்மா?" என்று கேட்டேன். தெருவே கேட்கக் கத்திய நாளுக்குப் பிறகு அவர்கள் வீட்டுப் பக்கமே நான் போனதில்லை. அவன் பார்க்க வருவதற்குள் போர்ட் பிளேரில் அவளும் போய்விட்டாளாம். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

மர அடுக்கின்மேல் உட்கார்ந்து, என் பையில் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து "புக்கா?" என்றான். அவன் முகத்தில் பதினோரு வயது வந்து உட்கார்ந்தது. இந்த முகத்திடம் எப்படிச் சொல்வேன், பையன் போகவே இல்லை, அம்மாவோடு இருந்தான், அப்பா தானாக வந்தார் என்று? துண்டை எடுக்கிற மாதிரி பைக்குள் கையை விட்டேன். கடைசித் தாள் சத்தமில்லாமல் கிழிந்து பைக்குள்ளேயே தங்கியது. பிறகு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அவன் படத்தை விரலால் தொட்டுக்கொண்டே வந்தான். வாசகர் கடிதத்துக்கு வந்ததும், பழையபடி விரலை வரி வரியாக நகர்த்தினேன். பையன் கப்பலில் போய்விட்டான், கண்டுபிடித்துவிட்டான், அப்பா கட்டிப் பிடித்து அழுதார். நிதாய் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். புத்தகத்தை வாங்கினான். தையல் ஓரத்தில் புதிதாகக் கிழிந்து நின்ற தாளின் விளிம்பைப் பெருவிரலால் ஒருதரம் தடவினான். அப்புறம் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

"உன் புக்குல மட்டும் கடைசித் தாள் எப்பவுமே இருக்காது, இல்லையா தோஸ்த்?"

ஓட்டைப் படகையும் துருப்பிடித்த நங்கூரத்தையும் எத்தனையோ பேர் தலையில் கட்டியிருக்கிறேன், ஆனால் குறை இன்னதென்று தெரிந்த ஒரே ஆளிடம் ஒரே சரக்கை இரண்டு தரம் விற்றது அந்த ஒரு வியாபாரத்தில்தான்.