எர்த்து இல்லாத லயம்

அத்தையின் ஆம்ப்ளிஃபையர் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, இசைத்தட்டில் ஊசி படுவதற்கு முன்பே அது ‘ம்ம்ம்’ என்று உறுமத் தொடங்கிவிட்டது. கறுப்பு முகப்பும் கனத்த வெள்ளிக் குமிழ்களும் கொண்ட பழைய பெட்டி. பிரிஞ்சாங் டவுனில் கடையை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கி, இசைத்தட்டுக் கருவியோடும் இரண்டு மர ஸ்பீக்கர்களோடும் சேர்த்து, ஒரு காய்கறி லோரியில் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே ஏற்றி வந்திருந்தார். கூடத்தின் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், உறுமலைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். “இது என்னடி, ஃபேக்டரியையே தூக்கிட்டு வந்துட்டோமா?”

அத்தை என்றால் என் மாமியார். கேமரன் மலைத் தோட்டம் ஒன்றில், தேயிலை உருட்டும் இயந்திரங்களுக்கு நடுவே இளவயதிலிருந்து ஓய்வுபெறும் வரை நின்றவர். அந்த இயந்திரங்கள் அவர் காதில் பாதியை எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்த பாதியை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக அவர் இல்லை. அப்போது என் கணவர் அதே ஃபேக்டரியில் வேலை பார்த்தார். நான் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஆசிரியை. தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றுதான் எங்கள் வீடு. வந்தவர்கள் எல்லாரும் “பழைய செட்டுன்னா கொஞ்சம் இரையும் லா” என்று சமாதானம் சொன்னார்கள். அத்தை ஒருவரையும் விடவில்லை. “இரைச்சலைக் கேக்குறதுக்குத்தான் சம்பளம் வாங்கினேன். இப்ப சம்பளம் இல்ல. நான் ஏன் கேக்கணும்?”

பள்ளி விடுமுறை என்பதால் நானும் அவரும் சேர்ந்து அந்த உறுமலைத் தேடினோம். செல்பேசியில் படித்து ஒவ்வொன்றாக நான் சொல்ல, அவர் மிச்சக் காதை ஸ்பீக்கரில் வைத்துத் தீர்ப்புச் சொன்னார். இசைத்தட்டுக் கருவியின் பின்னால் ஒரு மெல்லிய வயர் எங்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஆம்ப்ளிஃபையரின் எர்த்துத் திருகில் கட்டியதும் உறுமல் பாதியானது. டிவியின் ஒலியும் இந்தச் செட்டு வழியாகவே வந்தது; ஆனால் அதற்கு மின்சாரம் சமையலறையிலிருந்து. ஒரே சங்கிலியில் கோத்த சாமான்கள் இரண்டு இடத்தில் எர்த்தைத் தொட்டால் நடுவில் இரைச்சல் குடியேறிவிடும் என்று படித்திருந்தேன். எல்லாவற்றையும் ஒரே சுவர் பிளக்குக்கு மாற்றினோம். இன்னும் குறைந்தது. போகவில்லை. ஆம்ப்ளிஃபையரின் உலோக மூடியைப் புறங்கையால் தடவினால் எறும்பு ஊர்வதுபோல் ஒரு சுரசுரப்பு வேறு இருந்தது.

தோட்டத்து வயர்மேனைக் கூப்பிட்டோம். பார்த்துவிட்டுச் சிரித்தார். “பிளக்குக்குள்ள எர்த்து வயரைக் கழட்டி விட்டுடுறேன் பெரியம்மா. சத்தம் அப்படியே நின்னுடும்.”

“சத்தமும் நிக்கும், ஆளோட மூச்சும் நின்னுடும்” என்றார் அத்தை.

வயர்மேனுக்குச் சிரிப்பு போய்விட்டது. அத்தையின் கூட்டாளி ஒருத்தி, ஃபேக்டரியில் கொழுந்து உலர்த்தும் இயந்திரத்தின் கதவைப் பிடித்தபடி கரண்டு அடித்து விழுந்து செத்தவள். “அந்தக் கதவுக்கு ஒழுங்கா எர்த்து இருந்திருந்தா, இந்நேரம் அவ என் பக்கத்துல உக்காந்து பாட்டு கேட்டுக்கிட்டு இருப்பா. நீ கழட்டாத. ஏன் இரையுதுன்னு சொல்லு.” வயர்மேன் கருவிப் பையைச் சுருட்டினார். போய்விட்டார்.

காரணம் தானாகவே வந்து சேர்ந்தது. ஒரு காலை உறுமல் திடீரென்று ஏறியது, பின் இறங்கியது, மறுபடி ஏறியது. அத்தை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “மூணாவது வீட்டுக்காரி மெஷின்ல துணி போடுறா. அவ மெஷின் சுத்தினா என் செட்டு அழுவுது” என்றார். கரண்டு பட்டால் எரியும் டெஸ்டரோடு நான் அங்கே போனேன். கைக்குழந்தைக்காரி. மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று பலமுறை சொல்லியும், ஈரக் கையோடு தொடாதே என்று அவளையே குறை சொல்லியிருக்கிறார்கள். மெஷினின் உடம்பில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபையரின் திருகில் வைத்தேன். அங்கும் எரிந்தது. லயம் முழுவதற்கும் எர்த்து ஒன்றுதான். அது மண்ணைத் தொடவே இல்லை என்று புரிந்தது. அந்த மெஷினில் அதிகமாகவும் மற்ற வீட்டுச் சாமான்களில் கொஞ்சம் கொஞ்சமாகவும் கசிந்த கரண்டு, போக வழியில்லாமல் எல்லார் வீட்டுச் சாமான்களிலும் வந்து உட்கார்ந்திருந்தது.

அந்த வாஷிங் மெஷினைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனோம். எஸ்டேட் குமாஸ்தாவான கிராணி எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “ரிட்டையர் ஆனவங்க பாட்டு கேக்குறதுக்கு எஸ்டேட் ஆள் அனுப்பாது” என்றார். குழந்தை இருக்கும் வீடு என்று நான் எடுத்துச் சொன்னதும் குரல் மாறியது. “டீச்சர், நீங்க இருக்கிறது எஸ்டேட் வீடு. அதை மறந்துடாதீங்க.” கணவரின் வேலை, வீடு, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தன. திரும்பும் வழியெல்லாம் அத்தை தலையைக் குனிந்தே நடந்தார். பயந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை காலை. தேயிலைச் சரிவில் படம் எடுக்க வந்த சுற்றுலாக்காரர்களின் வண்டிகள் எங்கள் லயத்துக்கு எதிரே வரிசையாக நின்றிருந்தன. அத்தை இரண்டு ஸ்பீக்கர்களையும் ஜன்னலில் தூக்கி வைத்தார். இசைத்தட்டு போடவில்லை. வால்யூமை மட்டும் கடைசி வரை திருகினார். வெறும் உறுமல் மலைச்சரிவெங்கும் பரவியது. குடை பிடித்துப் படமெடுத்தவர்கள் கேமராவை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். கிராணி ஓடி வந்து “நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று கத்தினார். அத்தை அவரைப் பார்த்துத் தன் கேளாத காதைத் தொட்டுக் காட்டினார். கிராணி என் பக்கம் திரும்பினார். ஆனாலும் நான் அந்தக் குமிழைத் தொடவில்லை. வாசலை மறித்து நின்றுகொண்டேன். கைக்குழந்தைக்காரியும் வந்து என் பக்கத்தில் நின்றாள். பிறகு மற்ற வீட்டுப் பெண்களும்.

கடைசியில் தோட்ட மேனேஜரான துரையே வந்தார். இளவயது மலாய்க்காரர். “என்ன மாக்சீக் இது?” என்று, பெரியம்மா என்பதுபோல், அவர் மலாயில் கேட்க, அத்தையும் மலாயிலேயே பதில் சொன்னார். “இது பாட்டு இல்ல துவான். உங்க வயர் போடுற சத்தம். நாங்க தினம் இதோடதான் இருக்கோம். நீங்களும் கொஞ்சம் கேளுங்க.” நான் டெஸ்டரை அவர் கண்முன்னே ஆம்ப்ளிஃபையரில் வைத்தேன். அதன் வெளிச்சத்தை அவர் பார்த்தார். பிறகு கிராணியைப் பார்த்தார்.

அன்று மத்தியானமே வயர்மேன் கடப்பாரையோடு வந்தார். லயத்தின் கோடியில், புதிதாகச் சிமெண்டு பூசிய லோங்காங் சாக்கடை ஓரத்தில் தோண்டியபோது, மண்ணில் அடித்த எர்த்துக் கம்பி ஒருபுறமும் வயர் மறுபுறமுமாகக் கிடந்தன. சாக்கடை வெட்டியவர்கள் வயரையும் சேர்த்து வெட்டி, மேலே பூசிவிட்டுப் போயிருந்தார்கள். புதிய கம்பி அடித்து இணைத்ததும் மூன்றாவது வீட்டு மெஷினை மறுபடி மாட்டிப் பார்த்தார்கள். மாட்டிய நொடியில், கரண்டு கசிந்தால் இணைப்பை வெட்டும் அந்த வீட்டு ட்ரிப் சுவிட்ச் டக்கென்று விழுந்தது. அத்தனை நாளும் விழ வேண்டியது அதுதான். எங்கள் ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. அத்தை அதன் அருகே குனிந்து வெகுநேரம் அந்த அமைதியையே கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்களை வீட்டை விட்டு யாரும் அனுப்பவில்லை. நாங்களாகவே பின்னாளில் தானா ராத்தாவுக்கு மாறினோம். அத்தை இப்போது இல்லை. அந்த லயத்தில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சத்தம் போட யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. “எதுக்கும்மா வம்பு” என்று என்னிடம் யாராவது சொல்லும்போதெல்லாம், அந்தச் சனிக்கிழமைக்குப் பிந்தைய வாரம்தான் நினைவுக்கு வருகிறது. கீழ் லயத்துப் பெண்கள் வந்து கூப்பிட, நானும் அத்தையும் வீடு வீடாகப் போய்ச் சோதித்துக்கொண்டிருந்தோம். கிராணி வழிமறித்தார்.

“யாரைக் கேட்டு இதெல்லாம் செய்யிறீங்க?”

“கரண்டு யாரைக் கேட்டுட்டுய்யா ஆளைப் பிடிக்குது?” என்று சொல்லிவிட்டு, அத்தை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.