மாயவனின் துண்டும் இப்ராஹீம் பாயின் நிபந்தனையும்

மாயவன் லென்ஸ் மாற்றும் முறையை முதலில் விளக்கிவிடுகிறேன். மற்றவை அனைத்தும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. மரக்காணத்தில் கடற்காற்று உப்பளங்களைக் கடந்தே ஊருக்குள் நுழைகிறது. அந்தக் காற்று உள்ளே புகுந்தால் கேமரா ஒரே பருவத்தில் பாழாகிவிடும் என்பது மாயவனின் உறுதியான கருத்து. ஆகவே லென்ஸைக் கழற்றும்போதெல்லாம் அவர் காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி, தோளிலுள்ள சிவப்புத் துண்டைத் தலையோடு சேர்த்துக் கேமராவின் மேல் போர்த்திக்கொள்வார். சிறிது நேரம் துண்டு மட்டும் அசையும். பிறகு புதிய லென்ஸுடன் வெளியே வருவார். குளிரூட்டப்பட்ட மண்டபத்திலும் இதே முறைதான்.

இளவயதில் உப்பு மூட்டை சுமந்தவர் அவர். யாரிடமும் படிக்காமல் படமெடுக்கக் கற்றுக்கொண்டு, திருமணப் படங்களால் முன்னேறி, ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமராவும் வாங்கிவிட்டார். லென்ஸ்கள் இரண்டு. ஒன்று கூட்டத்தை எடுக்க, மற்றொன்று முகத்தை எடுக்க. இரண்டும் ஜூம் ஆகாதவை. நான் அவருடைய வீடியோக்காரன், பெயர் செந்தமிழ்.

இரும்புக்கடை வைத்திருக்கும் இப்ராஹீம் பாயின் மூத்த மகள் முஸ்கானின் நிக்காஹ்வில்தான் அநீதி நடந்தது. மணமகனின் கையைத் தகப்பனார் பற்றி மகளை ஒப்படைக்கும் நேரத்தில் மாயவன் துண்டுக்குள் இருந்தார். வெளியே வந்து அவசரமாக அழுத்திய படத்தில் என் முழங்கை மட்டும் தெளிவாகப் பதிந்திருந்தது.

"செந்தமிழு குறுக்க வந்துட்டாம்பா" என்று அவர் சொன்னார். ஊர் நம்பிவிட்டது. அந்நேரத்தில் நான் எங்கே நின்றேன், அவர் எங்கே ஒளிந்திருந்தார் என்பதற்கு என் வீடியோ பதிவு சாட்சி. அதை இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு இளைய மகள் ஆஸிஃபாவுக்குத் திருமணம் நிச்சயமானது. பாய் எங்களைக் கடைக்கு அழைத்தார்.

"ஏம்பா மாயவா, இந்த வாட்டியும் ஒனக்கே குடுக்கலாம்னு ஊட்ல சொல்றாங்க. ஒரே கண்டிஷன். துண்டுக்குள்ள போற வேல கூடாது."

"உப்புக்காத்து பாய்…"

"எனக்கு இருக்குறது ரெண்டு பொண்ணு. ஒருத்தி கல்யாணத்துல முழங்கைய பாத்துட்டேன். இதுவும் போச்சுன்னா மூணாவது வாய்ப்பு இல்ல. கைய புடிக்கிற போட்டோ வேணும். ஆகாதுன்னா இப்பவே சொல்லிடு, கிளியனூர்ல ஆள் இருக்குது."

அதாவது, கழற்றாமலேயே கூட்டத்தையும் முகத்தையும் எடுக்கும் ஒரே லென்ஸ் வேண்டும். தேர்வுப் பொறுப்பை நான் ஏற்றேன். 24-105 என்ற எண்ணுள்ள ஜூம் லென்ஸ் அதிக தூரம் எட்டும். ஆனால் அதில் ஒளி புகும் துளை சிறியது, மண்டபத்தின் மங்கலான விளக்கில் படம் இருட்டும். அதை நீக்கினேன். மிஞ்சியவை இரண்டு. கேமரா நிறுவனமே செய்த 24-70, கனமானது, தூசியும் தூறலும் தாங்கும். வேறொரு நிறுவனத்தின் 28-75, எடை குறைவு. இரண்டுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். பந்தி முடியும் வேளையில் மாயவனின் கை நடுங்கும் என்பதால் இலேசானதையே பரிந்துரைத்தேன். அந்தக் குறிப்பு இன்றும் என்னிடம் உள்ளது.

புதுச்சேரியில் ஒரு கடையில் இரண்டையும் வாடகைக்கு எடுத்தோம். ரசீது என் பெயரில். என் ஆதார் நகலையும் கொடுத்தேன். மாயவனின் மனைவி திரௌபதி வேலை செய்யும் உப்பளத்திற்குச் சோதனைக்குச் சென்றோம். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த முத்தம்மாளை, நின்ற இடத்திலிருந்து நகராமல், முழு உருவமாகவும் முகமாகவும் மாயவன் எடுத்தார்.

"கிட்ட வராமலே மூஞ்சி பெருசா வருதா?" என்றார் முத்தம்மாள். "அப்ப ஊட்லேர்ந்தே எடுத்துக்கக் கூடாதா? எதுக்கு இவ்ளோ தூரம் வந்து பாத்திய மிதிக்கிறீங்க?"

இரண்டு லென்ஸிலும் படங்கள் நன்றாகவே வந்தன. மாயவனுக்கு இலேசானது பிடித்திருந்தது. என் பரிந்துரை உறுதியானது என்றே எண்ணினேன்.

ஆனால் உப்பளக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திக்குப் போய்வந்த மண்வெட்டியோ, சைக்கிளோ, மனிதரோ, நல்ல தண்ணீரில் அலசப்படாமல் வாசலைத் தாண்டக்கூடாது; உப்பு தின்றுவிடும். லென்ஸ்களை மாயவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு நாங்கள் டீக்கடைக்குப் போய்த் திரும்பியபோது, இரு லென்ஸ்களும் மூடிகளோடு துவைக்கல்லின் மேல் கவிழ்ந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தன.

மாயவன் இரண்டையும் எடுத்துத் துண்டால் துடைத்தார்.

"இன்னா பண்ண நீ?"

"அலம்பி வெச்சேன். பாத்தியிலேர்ந்து தானே வந்துச்சு" என்றார் திரௌபதி. "மழைக்குக் கூட ஒன்னும் ஆவாதுன்னு இந்த அண்ணன் தான் வாய் ஓயாம சொல்லினு இருந்துது."

"ஒன்னுக்கு மட்டும்தாம்மா சொன்னேன்" என்றேன்.

"எதுக்குன்னு அதும்மேல எழுதியா ஒட்டி வெச்சீங்க?"

மறுநாள் காலையில் இலேசான லென்ஸின் உள்ளே பனி படர்ந்திருந்தது. அதன் வழியாகப் பார்த்தபோது திரௌபதி, மார்கழி மாதத்து விடியலில் நிற்பவர்போலத் தெரிந்தார். கனமானதற்கு எதுவும் ஆகவில்லை. என்னுடைய ஆய்வில் இந்தச் சோதனை இடம்பெறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த ஆய்விலும் இடம்பெற்றிருக்காது.

"இது கனம்டி, கை வலிக்கும்" என்று மாயவன் தயங்கினார்.

"உப்பு மூட்ட தூக்கின ஆளு. இத தூக்க மாட்டியா?"

24-70 வாங்கப்பட்டது. பழுதை அந்தக் கடைக்காரருடன் பேசித் தீர்த்தோம். ஆயினும் ரசீதில் என் பெயர் இருந்ததால் அங்கே இன்றுவரை எனக்கு எதுவும் வாடகைக்குத் தருவதில்லை. மாயவனுக்குத் தருகிறார்கள்.

நிக்காஹ் அன்று மாயவன் ஒரே லென்ஸுடன் வந்தார். துண்டு வியர்வைக்காக என்றார். ஹஜ்ரத் ஓதத் தொடங்கியதும் மேடை முழுவதையும் எடுத்தார். இப்ராஹீம் பாய் மணமகன் தவுசீப்பின் கையைப் பற்றினார். லென்ஸின் ஜூம் வளையத்தைத் திருப்பினால் இருவர் முகமும் பக்கத்தில் வந்துவிடும். அந்நேரம் பார்த்து மேடையிலிருந்த மின்விசிறி எங்கள் பக்கம் திரும்பியது. மாயவன் காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி, துண்டுக்குள் போய்விட்டார்.

மாற்றுவதற்கு லென்ஸே இல்லை. உள்ளே என்னதான் செய்தீர்கள் என்று பின்னர் கேட்டேன். "ஒன்னும் இல்லடா. உள்ள போனப்புறம்தான் ஞாபகம் வந்துது. உடனே வெளிய வரவும் வெக்கமா இருந்துது" என்றார்.

மணமகன் சம்மதம் சொல்லி முடித்தார். துஆ என்னும் வேண்டுதலுக்காக ஹஜ்ரத் கைகளை உயர்த்தினார், சபையும் உயர்த்தியது. பாய் மட்டும் தவுசீப்பின் கையை விடவில்லை. தவுசீப் மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"இரு மாப்ள" என்றார் பாய். "ஹஜ்ரத், கொஞ்சம் பொறுத்துக்குங்க. அந்தாளு மொதல்ல துண்ட எடுக்கட்டும்."

சபை முழுவதும் ஏந்திய கைகளுடன் மாயவனின் முதுகைப் பார்த்தது. பாயின் தங்கை ஜெயினம்பு பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து, "இன்னாத்துக்கு ஓதுறத நிறுத்திட்டாங்க?" என்று கேட்டது என் பதிவில் தெளிவாக இருக்கிறது. துண்டு மெதுவாக விலகியது. மாயவன் வளையத்தைத் திருப்பினார், அழுத்தினார். அதன் பிறகே பாய் கையை விட்டார்.

அந்தப் படம் இப்போது கடையில் கல்லாவுக்கு மேலே பெரிதாக மாட்டப்பட்டுள்ளது. மருமகனின் கையைத் திருடனைப் பிடித்ததுபோல் பற்றியபடி, கேமராவை முறைத்துப் பார்க்கிறார் பாய். தவுசீப் சிரிப்பை அடக்குவது கண்ணில் தெரிகிறது. அண்ணன் உள்ளபடியே அமைந்த ஒரே படம் இதுதான் என்று ஜெயினம்பு சொல்கிறாராம்.

ஆணி வாங்க வருபவர்களுக்கெல்லாம் பாய் அதைக் காட்டுகிறார். சென்ற வாரம் நான் நிற்கும்போதே ஒருவரிடம் சொன்னார்: "லென்ஸுன்னா இதான் லென்ஸு. பெரியவ கல்யாணத்துலயும் மாயவன் சூப்பரா எடுத்திருப்பான். இந்த வீடியோக்காரரு குறுக்க வந்துட்டாரு."

அந்த முதல் நிக்காஹ்வின் பதிவு என் கைப்பேசியிலும் இருக்கிறது. எடுத்துக் காட்டுவதற்குள் அவர் ஆணியை நிறுக்கப் போய்விட்டார்.