ஜவ்வரிசிக் களத்து வாசகி

கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார் பூமாலை. கதையில் முக்கியமான யாரும் சாகவில்லை என்று உறுதியான பிறகே முதல் பக்கத்துக்கு வருவார். "செத்துப்போறவங்களோட பழகிக்கினு அப்புறம் இன்னா பண்றது?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். காகிதப் புத்தகத்தில் இது நொடி வேலை. இப்போது அவர் கையில் இருக்கும் மின்னூல் படிக்கும் கருவியில் கடைசிப் பக்கத்தைத் தேடிப் போனால், திரும்பி வர வழி தெரியாமல் நடுக் கதையில் மாட்டிக்கொள்கிறார்.

வடக்கனந்தல் சாலையில் இருக்கும் ஜவ்வரிசி ஆலையில் அவருக்குக் களத்து வேலை. ஆலைக்குப் பின்னால்தான் என் வீடு. மாடியில் நின்றால் களம் முழுக்கத் தெரியும். ஈர ஜவ்வரிசியைச் சிமென்டுத் தரையில் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட்டு, காயும்வரை ஆடும் காக்கையும் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை கிளறி முடித்தால் கொஞ்ச நேரம் உட்காரலாம். மற்றப் பெண்கள் வேப்பமரத்து நிழலுக்கு ஓடுவார்கள். பூமாலை முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு களத்து ஓரத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அந்த வெயிலில் போனைத் திறந்தால் நம் மூஞ்சிதான் தெரியும். இவருடைய கருவியிலோ வெயில் ஏற ஏற எழுத்து அச்சடித்ததுபோல் பளிச்சென்று வருகிறது. "எனக்குன்னே செஞ்சிருக்கான் மகராசன்" என்பார்.

ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி கலையரசன் புதிது வாங்கிக்கொண்டு பழையதை அக்காவுக்குத் தந்துவிட்டார். சர்க்கரை வந்ததிலிருந்து பூமாலைக்குப் பொடி எழுத்து கலங்கிப்போனது. நூலகத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார். "புக்கோட பேச்சுவார்த்த அத்துப்போச்சுங்க" என்று அந்த நாட்களைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் இறங்கிவிடும். இப்போது எழுத்தைப் புளியங்கொட்டை அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு படிக்கிறார்.

அதற்காகக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டார். தம்பி வந்து ஏற்றினால்தான் புதுக் கதை. ஜவ்வரிசி மாவு சார்ஜ் போடும் துளைக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. "அப்பளம் மாதிரிங்க, தெரியாம மேல ஒக்காந்தா போச்சு" என்று பயம் வேறு. கூட வேலை செய்யும் தைலம்மாள் படித்துவிட்டுத் தருகிறேன் என்று இரவல் கேட்டால், ஒரு கதைக்காக மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்க வேண்டும். "கத எவ்ளோ மிச்சம் கீதுன்னு நூத்துக்கு இத்தினின்னு காட்டுது. அத தாளத் தொட்டுப் பாத்துக் கை இல்ல சொல்லணும்?" என்று அலுத்துக்கொள்வார். நான் காகிதக் கட்சி. இதைக் கேட்டு எனக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம்.

வம்பு வந்தது வேறு பக்கத்திலிருந்து. சித்திரையில் ஒருத்தி போனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது கோடை மழை கொட்டி, காய்ந்த ஜவ்வரிசியெல்லாம் கூழாகிவிட்டது. அன்றிலிருந்து களத்தில் போன் கூடாது என்று ஆலை முதலாளி சாதுல்லா பாய் சொல்லிவிட்டார். மீறினால் வேலை கிடையாது. ஒரு நாள் பூமாலையின் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"இது போன் இல்ல பாய். பேசாது, பாடாது, படம் வராது. எழுத்து மட்டும்தான்."

"எனக்குப் புரியுதும்மா. தூரத்துல கீறவங்களுக்குப் புரியுமா? உன்னப் பாத்து நாளைக்கு நாலு பேர் போன எடுத்துக்கினு வந்து ஒக்காந்தா நான் இன்னா பதில் சொல்றது? புக்கு கொண்டாந்து படி. வாணாங்கல."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் புக்கின் பொடி எழுத்து பூமாலையின் கண்ணுக்குத் தெரியாதே! மறுநாளிலிருந்து கருவி வீட்டில் இருந்தது. இவர் காக்கைகளோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்தார். தைலம்மாள் சமாதானம் சொன்னதற்கு, "வேலைய வுட்டா சோறு இல்ல, சரி. இத வுட்டா நான் யாருடி? களம் கெளர்ற கட்டையா?" என்று சீறியது மாடிவரை கேட்டது.

அந்த வாரமே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "கரையான் அரிச்ச தடி புக்கு ஏதாவது கீதுங்களா? அட்ட நல்லா இருந்தா போதும்." என்னிடமா இல்லை? பைண்டு செய்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே வேண்டாததை அறுத்தெடுத்தார். முன்பக்கத்துத் தாள்களில் கொஞ்சத்தை மட்டும் விட்டுவிட்டு, பின்னட்டையில் துணிப்பை ஒன்றைக் கோணி ஊசியால் தைத்துக் கருவியை அதற்குள் செருகிக்கொண்டார். விரித்துப் பிடித்தால் படிக்கிறவருக்குத் திரை தெரியும், தூரத்தில் இருப்பவர்களுக்குப் புத்தக அட்டை மட்டும்தான்.

திங்கட்கிழமை உச்சி வெயிலில் சாதுல்லா பாய் களத்துக்கு வந்தார். மரத்தடியில் தைலம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். மாடியில் நானும் கைப்பிடிச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தேன். பாய் நேரே பூமாலையிடம் போய் நின்று குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, புக்கா?"

"புக்குதான் பாய்."

பாய் அந்த அட்டையைப் பார்த்தார், மரத்தடியில் இருந்தவர்களைப் பார்த்தார், நகரவில்லை. பூமாலை ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, கரையான் அரித்த தாள் ஒன்றை, கிழிந்துவிடாமல், நிதானமாகப் புரட்டினார்.